லினக்ஸில் மட்டும் உள் ரூம் வாசப்படியில் நின்றுவிடுகிறது

ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் எண் விழுந்தது.

திரையின் இடது மூலையில் பச்சையாக அறுபது என்று நின்றிருந்த எண், ஆசாரத்தைத் தாண்டி உள் ரூம் வாசப்படிக்குக் கிட்டே போனதும் ஐம்பதாகி, முப்பதாகி, சிவந்து, கடைசியில் படமே அசையாமல் நின்றது. புவனா நாற்காலியை முன்னால் இழுத்துப் பார்த்தாள். வரைவதற்கு அங்கே என்ன இருக்கிறது? சுண்ணாம்பு அடித்த சுவர். மரத்தில் ஒரு நிலவு, கதவு நிலை. நிலவுக்கு அந்தப் பக்கம் இருட்டு. முன்கூடமான ஆசாரத்தில் சாமி படம், தையல் மிஷின், அரிசி டிரம், கொடியில் தொங்குகிற துணி என்று அத்தனை சாமானையும் அலட்டாமல் வரைந்துவிட்டு வந்த கம்ப்யூட்டர், வெறும் சுவருக்கு முன்னால் போய் மூச்சு முட்டி நின்றது.

ரன்னை கில் பண்ணினாள். முதலிலிருந்து மறுபடி விட்டாள். இந்த வாரம் பூராவும் அவள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். விடுவது, நின்றால் கில் பண்ணுவது, மறுபடி விடுவது.

சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில், ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டிய அந்த டெஸ்டிங் ரூமுக்குள் பகல் ராத்திரி என்று எதுவும் கிடையாது. திரையில் வெயில் பட்டால் நிறம் மாறித் தெரியுமாம், அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலும் அங்கே பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். ஏசித் தண்ணீர் ஊறின கார்ப்பெட்டின் வாடை, யாரோ மூடாமல் வைத்துப்போன சிக்கன் ரைஸ் டப்பாவின் வாடை, சூடேறின பிளாஸ்டிக் வாடை, இதற்கெல்லாம் அடியில் கம்ப்யூட்டர் விசிறிகளின் விடாத இரைச்சல், அந்த இரைச்சலுக்கும் அடியில், சத்தி ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போல அமுங்கி அமுங்கிக் கேட்கும். மேசையில் மூன்று திரைகள். விண்டோஸும் மேக்கும் பக்கத்திலேயே இருந்தன. லினக்ஸுக்குத் திரை மட்டும்தான் இங்கே. பெட்டி கீழ்மாடியில் சர்வர் ரூமுக்குள், அந்த ரூமின் சாவி டீம் லீட் சசிதரிடம், அவன் பெங்களூர் போயிருந்தான்.

வேலை என்னவோ சுலபமானதுதான். ஒரே கேம், ஒரே காட்சி, ஒரே நடை. அதை மூன்று சிஸ்டத்திலும் ஓடவிட்டு, விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது, எங்கே திக்குகிறது என்று பார்க்க வேண்டும். ஊரைவிட்டு ஓடிப்போன ஒருவன் பல வருஷம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வருவதுதான் கேம். கேட்டைத் திறக்கிறான், வாசலைத் தாண்டுகிறான், ஆசாரம், உள் ரூம், அப்புறம் பின்பக்கம் பொடக்காலி வழியாக வெளியே. அந்த நடையைக் கன்ட்ரோலரைப் பிடித்துப் பதிவு பண்ணிக் கொடுத்ததும் புவனாதான். பதிவைப் போட்டுப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி யுஸ்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். வாசலில் ஓர் இடத்தில் ஒரு காரணமும் இல்லாமல் ஆள் நின்றுவிட்டுப் போகிறான். "ஏன்டி, கேமுக்குள்ள போயி செருப்புக் கழட்டறியா?"

சிரிக்கட்டும். அது அவள் வீடு. உடுமலைப்பேட்டைக்கு வெளியே, கொப்பரைக் களத்துக்குப் பின்னால், நிஜமாகவே அவள் வீடு.

கேமுக்காக ஸ்கேன் எடுக்கக் கம்பெனியில் முதலில் கேட்டது தோட்டத்து ரங்கராஜ் வீட்டைத்தான். தூணும் தொட்டியுமாகப் பெரிய வீடு. ரங்கராஜ் நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்: "வாசல்ல எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்குங்க. ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க." கேமராவோடு வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது சசிதர் இவள் பக்கம் திரும்பினான். ஓடு போட்ட ரெண்டே ரூமைப் பார்த்துவிட்டு, "இதுதான் ஒரிஜினலா இருக்கு புவனா" என்றான். மழை பெய்தால் மூன்று இடத்தில் குண்டா வைக்க வேண்டிய வீட்டுக்குப் பெயர் ஒரிஜினல். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி என்றாள். அந்த ஊரில் படித்து வேலைக்குப் போனவள் அவள், இப்போது அவள் வீடும் உலகம் பூராவும் தெரியப்போகிறது என்ற ஒரு திமிர். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு ஆள் யாரும் படத்தில் விழக்கூடாது என்று அம்மா மயிலாத்தாளை வெளியே போகச் சொன்னார்கள். பகல் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் அம்மா. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அங்கிருந்தே மோர் கொடுத்தனுப்பினாள்.

"என்ன, உன்ற லினக்ஸு வரப்போற மாமியாரா?" யுஸ்ரா ஹெட்போனைக் கழற்றினாள். "வாசப்படியிலயே நின்னு மொகரையத் திருப்பிக்குது."

"உன்ற மேக் மட்டும் என்ன, புதுப்பொண்ணாட்ட நோகாம நடக்குது."

"புதுப்பொண்ணுன்னதும் ஞாபகம் வருது. ரிஃபத் அக்கா நிக்காஹ்வ உட்டுப்போட்டு இங்க உன் ஊட்டுக் கேட்டத் தொறந்து தொறந்து சாத்திட்டிருக்கேன். எங்க அத்தா இனி போன் பண்ணமாட்டாரு, நேராவே வந்துருவாரு." பையை மாட்டிக்கொண்டாள். கோட்டைமேட்டுக்குப் போய் உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குப் போக வேண்டும். கதவருகே நின்று லினக்ஸ் திரையைப் பார்த்தாள். "அந்த எடத்துல என்னடி இருக்குது?"

"ஒன்னுமில்ல. சுவரு."

"ஒன்னுமில்லாததுக்கா இப்படி மூச்சு வாங்குது?"

கதவு சாத்திக்கொண்டது. விசிறிச் சத்தம் கூடின மாதிரி இருந்தது.

அம்மாவின் போன் வந்தபோது புவனா லினக்ஸ் ரன்னை இன்னொரு தடவை கில் பண்ணியிருந்தாள். விண்டோஸும் மேக்கும் தம்பாட்டுக்கு ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டிருந்தன.

"சோறு உண்டியா கண்ணு?"

"உண்டாச்சு. நீ?"

"உண்டுபோட்டு சித்த படுக்கலாமுன்னு பாத்தேன். எங்க, வாரதும் போறதுமாவே இருக்குது."

"யாரு?"

"அதான் தெரியல. கேட்டுச் சத்தங் கேக்குது. மொதல்ல நீதான் சொல்லாம வந்துட்டியாட்டன்னு எந்திரிச்சுப் பாத்தேன். செருப்புக் கழட்டற எடத்துல சித்த நின்னுபோட்டு ஆசாரத்துக்கு வாரது, அப்பிடியே உன்னாட்டவே."

புவனா போனைக் காது மாற்றிப் பிடித்தாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணலாம் என்றால் களத்தில் வேலை முடியட்டும் என்பாள். தனியாக இருக்கிறவளுக்குச் சத்தம் கேட்கத்தான் செய்யும். இதற்குத்தான் இங்கே வந்துவிடு என்று தலைபாடாய் அடித்துக்கொள்வது.

"பக்கத்து ஊட்டுக் கேட்டா இருக்கும்மா."

"இந்தா, மறுக்கா தொறக்குது பாரு."

விண்டோஸ் திரையில் கேட் திறந்துகொண்டிருந்தது.

அவள் அதைச் சும்மா பார்த்தாள். தகரக் கேட்டு. அடியில் துருப்பிடித்த ஓட்டை. உள்ளே வாசல், சாணி தெளித்த தரையின் பச்சை.

"வாசல்ல வந்தாச்சு," என்றாள் அம்மா. "நிக்குது."

திரையில் நடை நின்றது. செருப்புக் கழற்றுகிற இடம்.

"ஆசாரத்துக்குள்ள வருது. தையல் மிஷினத் தாண்டிப்போச்சு. இந்தா, ரூமுக்குள்ள. என்ற கட்டில ஒட்டினாப்பல போவுது. பொடக்காலி கதவு... ம், போயிருச்சு."

திரையில் பொடக்காலியின் வெயில் ஒரு தடவை கண்ணைக் கூசவைத்துவிட்டு அணைந்தது. ரன் முடிந்தது. பச்சை எழுத்தில் பாஸ்.

கார்ப்பெட்டின் ஈரம் செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறின மாதிரி இருந்தது அவளுக்கு. ஏசி காற்று கழுத்துக்குப் பின்னால் ஒரே இடத்தில் வந்து வந்து பட்டது. நான்தான் யாரிடமாவது சொல்லியிருப்பேன், அம்மாவுக்கு இந்த நடை தெரிந்திருக்கும் என்று ஒரு கணக்கு. அம்மாவுக்குக் கேம் என்றால் என்னவென்றே தெரியாது என்று இன்னொரு கணக்கு. இதற்குள் மேக் திரையில் கேட் திறந்தது. காதில் அம்மா, "அடுத்த ஆளு" என்றாள்.

"அம்மா. பயமா இல்லையா உனக்கு?"

"இவங்க ரெண்டு பேரும் நல்ல மாதிரி கண்ணு. வந்த சுவடு தெரியாம அவங்கபாட்டுக்குப் போயர்றாங்க, காத்தாட்ட. இன்னொருத்தருதான் பாவம். இழுத்து இழுத்து நடந்து வாரது, ரூமு வாசப்படிகிட்ட வந்தா நின்னுக்கறது."

லினக்ஸ்.

"நின்னு... அப்பறம்? போயிருவாரா?"

"எங்க போறாங்க. அங்கயேதான நிக்கறாங்க."

"நிக்கறாங்களா?"

"ஒருத்தரு ரெண்டு பேருன்னா தேவுல. நெலவுல இருந்து தையல் மிஷினு வரைக்கும் இருக்குது. ஆளு ஒன்னும் தெரியறதில்ல. பஸ்ஸுக்குள்ள கண்ண மூடிட்டு நின்னாலும் கூட்டம் தெரியுமல்ல, அந்த மாதிரி. ஒரு வாரமாவே இருக்குது. உங்கிட்டச் சொன்னா நீ கத்துவீன்னு சொல்லல."

புவனாவின் விரல் கீபோர்டின் மேலேயே கிடந்தது. கில் பண்ணுகிற அந்தப் பொத்தான். திங்கட்கிழமையிலிருந்து எத்தனை தடவை அடித்தாள்? ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது இருக்கும். நின்றுபோனதைப் பாதியில் விட்டுவிட்டு, முதலிலிருந்து இன்னொன்றை அனுப்பி, அது நின்றதும் அதையும் விட்டுவிட்டு. பாதியில் விட்டது எங்கே போகும் என்று அவள் யோசித்ததே இல்லை. யார்தான் யோசிப்பார்கள்?

ஒன்றுமில்லாததுக்கா இப்படி மூச்சு வாங்குது.

வாங்காமல்? அத்தனை பேரையும் அது வரைந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் கண்ணுக்குத்தான் சுவர்.

விண்டோஸ் லூப்பையும் மேக் லூப்பையும் முடிகிற வரைக்கும் விட்டு, பொடக்காலியைத் தாண்டினதும் நிறுத்தினாள். லினக்ஸைத் தொடவில்லை. இனித் தொடப்போவதும் இல்லை. நாளைக்கு வேலை போனால் போகிறது, இந்த நிமிஷமே பஸ் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

லினக்ஸ் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது.

பெங்களூரிலிருந்து சசிதர். பக்கத்துத் திரையில் அவனுடைய மெசேஜ் வந்து விழுந்தது: 'லினக்ஸுக்கு லூப் போட்டுட்டேன். ஹேங் ஆனா தானா கில் ஆகி தானா ஸ்டார்ட் ஆகும். நீங்க உக்காந்திருக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்க.'

'சார் நிறுத்துங்க. தயவுசெஞ்சு.'

'ஏன்? நாளைக்குக் காலைல கிளையன்ட்டுக்கு மூணும் ஒரே நம்பர்ல காட்டணும். வண்டி எடுக்கறேன், அப்புறம் பேசறேன்.'

கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நிறுத்துகிற பொத்தானை அமுக்கினாள். சாம்பல் நிறத்தில் இருந்தது, அமுங்கவில்லை. சசிதர் ஏற்றிய வேலையை அவள் பெயரில் நிறுத்த முடியாது. திரையின் வயரைப் பிடுங்கினாள். திரைதான் கறுத்தது. பெட்டி கீழே, பூட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கறுத்த கண்ணாடியில் தன் முகம் தெரிய, பயந்துபோய் வயரை மறுபடி செருகினாள். பார்க்காமல் இருப்பது இன்னும் மோசம்.

கேட் திறந்தது. வாசல். செருப்புக் கழற்றுகிற இடம். ஆசாரம். இழுத்து இழுத்து. நிலவு. நின்றது.

கில்.

கேட் திறந்தது.

"கண்ணு, லைன்ல இருக்கறயா?" அம்மா குரல் தாழ்ந்திருந்தது. சபையில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி. "நெம்ப வாராங்க."

"அம்மா, சொல்றதக் கேளு. பொடக்காலி வழியா வெளிய போ. போயி களத்துல உக்காரு."

"எதுக்கு?"

"போன்னா போயேன்."

"வந்தவங்கள வாசப்படியில நிறுத்திப்போட்டுப் பொறவால ஓடச் சொல்றியா? நல்லாருக்குது நீ படிச்ச படிப்பு."

இதுதான். இதைக் கேட்டால்தான் அவளுக்கு எரியும். விறகு எடைக்குக் கேட்டு வருகிறவன், சீட்டுக்காரன், ஓட்டுக் கேட்டு வருகிறவன், யார் வந்தாலும் 'வாங்க'. வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் விட்டால் அந்தப் பக்கத்தில் பரம்பரைக்கும் பேசுவார்கள், சாவு வீட்டில்கூட அதைச் சொல்லிக்காட்டுவார்கள், எல்லாம் சரி. ஆனால் அம்மாவை யார் கேட்டார்கள்? ரங்கராஜ் வீட்டில் இருபது வருஷம் வேலை செய்திருக்கிறாள். மழையோ வெயிலோ வாசலோடு சரி. பாத்திரத்தைக்கூட அங்கேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கெட்டவார்த்தை ஒன்று கிடையாது, எல்லாம் அம்மணி, சாமி என்றுதான். உள்ளே வா என்கிற ஒரு சொல் மட்டும் வராது. கோபம் வர வேண்டிய இடத்தில் அம்மாவுக்கு வேறென்னவோ வந்துவிட்டது. நிற்கிறவர்களைக் கண்டால் அவளுக்குத் தாங்காது.

விண்டோஸில் வாட்ஸ்அப்பைத் திறந்து ரங்கராஜுக்கு அடித்தாள். பக்கத்தில் வேறு யாரிடமும் வண்டி இல்லை. 'அம்மாவுக்கு முடியலைங்க. உடனே யாரையாச்சும் அனுப்புங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.' கும்பிட்டுக் கேக்கறேன் என்று அந்த ஆளுக்கு அடித்தாள். இரண்டு டிக்கும் நீலமாயின.

'ஞாயித்துக்கெழமைங்க அம்மணி. ஆளு ஒருத்தரும் இல்ல. காலைல அனுப்பி உடறனுங்க.'

கேட் திறந்தது. ஆசாரம். இப்போது நிலவு வரைக்கும் போகவில்லை. தையல் மிஷினுக்கு இந்தப் பக்கமே எண் சிவந்தது. ஆசாரத்துக்குள் நுழைந்ததும் நின்றது. கில். கேட் திறந்தது. வாசலிலேயே நின்றது. செருப்புக் கழற்றுகிற இடத்தில். கில்.

உள்ளே இடமில்லை.

"கண்ணு."

"சொல்லும்மா."

"நெலவு முட்டிட்டு நிக்கறாங்க. மரம் நெறிக்கற சத்தம் கேக்குது. ஆனா ஒருத்தருகூட காலெடுத்து உள்ள வைக்கல பாரு. எத்தன மருவாதி."

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"அம்மா, வேண்டாம்."

"கூப்புடாம உள்ள வரமாட்டாங்களாட்ட இருக்குது. நின்னு நின்னு கால் கடுக்குமல்ல."

"அம்மா, கேக்காத. வாங்கன்னு சொல்லிராத. அம்மா, உங்கால்ல உழறேன், அந்தச் சொல்லச் சொல்லிராத."

"எத்தன நாளைக்குத்தான் பாக்காதவளாட்டப் படுத்துக்கறது? நம்மள நிக்க வெச்சாங்கன்னு நாம நிக்க வெக்கறதா?" கட்டில் கிறீச்சிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற அந்த முனகல். பானை மூடி நகர்கிற சத்தம். சொம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம். எல்லாம் பக்கத்தில், காதுக்குள். எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி. புவனா கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிலில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது போனை. அம்மா குரல் கொஞ்சம் எட்டத்திலிருந்து வந்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, விருந்தாளிகளிடம் பேசுகிற குரல்.

"ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க. வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

லினக்ஸ் திரை அசைந்தது.

ஆசாரம். தையல் மிஷின். நிலவு. நிற்கவில்லை. இழுக்கவில்லை. காற்றாட்ட.

உள் ரூம்.

அறுபது.

பக்கத்துத் திரையில் சசிதர்: 'போன்ல பாத்தேன், வாசப்படில பாஸ் ஆயிருச்சே. சூப்பர் புவனா. என்ன பண்ணீங்க?'

ரூமுக்குள் போனதும் எண் விழ ஆரம்பித்தது. நாற்பது. இருபது. ஐந்து. ஒன்று.

விநாடிக்கு ஒரு படம்.

முதல் படத்தில் கட்டில். கட்டிலை ஒட்டி அம்மா. ஸ்கேன் எடுத்த அன்றைக்கு வேப்பமரத்தடியில் இருந்தவள், யாரும் படத்தில் விழக்கூடாது என்று வெளியே அனுப்பப்பட்டவள், காப்பிக்கலர் சேலையில், சொம்பை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிக்கொண்டு.

அடுத்த படத்தில் இடது தோள் இல்லை. வெட்டுப்பட்டதாக இல்லை, ரத்தமில்லை. தோள் இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது, அவ்வளவுதான்.

முன்னால் ஒன்று மறைத்து நின்றால் பின்னால் இருப்பதை வரையாமல் விட்டுவிடும். எந்த கேமும் அப்படித்தான் செய்யும். வீண் வேலை வேண்டாம் என்று.

அடுத்த படத்தில் இடுப்புக்குக் கீழே இல்லை.

"அம்மா."

"ஒருத்தரொருத்தரா வாங்க சாமி," போனில் அம்மா. மூச்சு வாங்கியது. "எடம் சின்னது. இப்பிடி மேல உழுந்தா..."

அடுத்த படத்தில் முகம் மட்டும். சிரித்த முகம். சொம்பு பிடித்த கைகள்.

அடுத்த படத்தில் கைகள்.

புவனா திரையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அடித்தாள். கண்ணாடி சூடாக இருந்தது.

அடுத்த படத்தில் கட்டில் காலி. மடித்து வைத்த போர்வை, சுருங்காத ஜமுக்காளம். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே.

சொம்பு மட்டும் அந்தரத்தில் நின்றது. யார் கையிலும் இல்லை. சாய்ந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

போனில் மடக் மடக்கென்று தண்ணீர் இறங்குகிற சத்தம்.

அடுத்த படத்தில் சொம்பு நிலவுக்குப் பக்கத்தில். சாய்ந்திருந்தது.

அடுத்த படத்தில் ஜன்னலடியில். சாய்ந்திருந்தது.

அடுத்த படத்தில் அது நேராக, திரைக்கு மிக அருகில், இவளுக்கு முன்னால் நீட்டியிருந்தது.